பின் கடப்பால் போனவர்

எங்கள் தொகுதி எம்பியின் வீட்டுக்குள் போக இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று வீதியைப் பார்த்த பெரிய இரும்புக் கேற். அதிகாலைச் சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு ஆம்பிளைகள் அங்கே வந்து கூடிவிடுவார்கள். கக்கத்தில் ஃபைல், சட்டைப் பையில் பேனை, முகத்தில் அன்றைக்கென்று எடுத்து மாட்டிய பவ்வியம். எம்பி குளித்து, சாப்பிட்டு, கொழும்போடு டெலிபோனில் கதைத்து முடித்து வெளியே தலை காட்டும்போது அத்தனை பிளாஸ்டிக் கதிரைகளும் ஒன்றாய்க் கிறீச்சிடும். உயர்தரச் சோதனை எழுதிவிட்டு இருந்த காலத்தில் வாப்பாவோடு நானும் ஒருநாள் போய் அந்தக் கூட்டத்தில் நின்றிருக்கிறேன். எங்கள் முறை வருவதற்குள் எம்பி வாகனத்தில் ஏறிப் போய்விட்டார்.

மற்ற வழி, வளவின் பின்பக்க வேலியில் இருந்த கடப்பு. ஓர் ஆள் சரிந்து நுழையலாம், அவ்வளவு இடைவெளிதான். அதைத் தாண்டினால் கிணற்றடி, கிணற்றடியைத் தாண்டினால் குசினி. சாச்சி அந்த வழியால்தான் போவார்.

சாச்சி என்கிறேனே, என் உம்மாவின் கூடப்பிறந்த தங்கை என்று எண்ணிவிட வேண்டாம். அவர் பக்கத்து வளவுக்காரர். எங்கள் பக்கத்து முஸ்லிம்களுக்குத் தாய்வழியாக வரும் ஒரு கூட்டம் உண்டு, அதைக் குடி என்போம். உம்மாவும் அவரும் ஒரே குடி. அந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு அவர் எனக்குச் சாச்சியானார். உம்மா கண்மூடி மௌத்தான அன்று எங்கள் வீட்டுக் குசினிக்குள் வந்து அடுப்பு மூட்டியவர், பிறகு அந்த அடுப்பை அணைய விடவே இல்லை. என்னை "மகள்" என்றுதான் கூப்பிடுவார். அவருக்குச் சொந்தமாக ஒரு மகள் இருந்தாள், என்னைவிடச் சில வயது இளையவள். அவளையும் அதே சொல்லால்தான் கூப்பிடுவார். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அவர் "மகள்" என்று ஒரு குரல் விட்டால் இரண்டு வீட்டிலிருந்தும் "ஓம்" என்று பதில் போகும்.

அவருக்கு உறவில்லாத ஆள் ஊரில் கிடையாது. உறவு இல்லாவிட்டால் உண்டாக்கிக் கொள்வார். மீன் கொண்டு வருகிறவர் தம்பி, பஸ் கொண்டக்டர் மருமகன், சென்றியில் நிற்கும் சிங்களப் பொலிஸ்காரப் பொடியன்கூட "புதா", அவர்கள் பாஷையில் மகன். மீன்காரத் தம்பிக்குப் பிள்ளை பிறந்தால் பிள்ளை பெற்றவளுக்கு மருந்தாகக் காயமரைத்துக் கொண்டுபோய்க் கொடுக்கும்வரை அவருக்கு இருப்புக் கொள்ளாது. ஊரெல்லாம் இப்படி முறை கொண்டாடி வைத்திருந்ததால் ஊரின் கஷ்டமெல்லாம் அவர் வாசலுக்குத்தான் வரும். ஒருவருக்கு இடமாற்றம், இன்னொருவருக்கு ஆஸ்பத்திரியில் சிற்றூழியர் வேலை, வேறொருவரின் வயலுக்கு வாய்க்கால் தண்ணீர். எல்லாவற்றுக்கும் அவர் பின் கடப்பால் போவார்.

அதற்கு ஒரு நியாயமும் வைத்திருந்தார்.

"எம்பி இரிக்கிறது ஆர்ர ஊட்டுலகா? பொண்டாட்டிர ஊட்டுல. பொண்டாட்டிக்கு அந்த ஊட்டக் குடுத்தது ஆரு? அவட உம்மா. அப்ப நான் ஏன் கேற்றடில நிண்டு காயணும்?"

மறுக்க முடியாத பேச்சு. எங்கள் ஊரில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். வீடு பெண்ணுடையது, உம்மா வாப்பா கொடுத்த சீதனம். நாடாளுமன்றத்தில் மேசையைத் தட்டிப் பேசுகிறவரும் வீட்டுக்கு வந்தால் மாமியார் வைக்கிற சோற்றைத்தான் சாப்பிட வேண்டும். சாச்சி அந்த மாமியாரை நாத்தனார் முறையில் "மச்சி" ஆக்கி வெகுகாலமாகியிருந்தது.

வெறுங்கையோடு போகமாட்டார். வயல்பக்கத்திலிருந்து வரும் எருமைத் தயிரில் ஒரு முட்டி வாங்கி, வாய்க்கு வாழையிலை கட்டி, முந்தானைக்குள் வைத்துக் கொண்டு போவார். போன அன்றைக்கே கேட்கவும் மாட்டார். குந்தியிருந்து வெங்காயம் உரிப்பார், மச்சியின் முழங்கால் வலியை விசாரிப்பார், வந்துவிடுவார். அடுத்த முறையும் அப்படியே. கடைசியில் மச்சிக்கே பொறுக்காமல், "என்னகா, ஏதோ மனசுல வெச்சுக்கிட்டுத்தான் வாறாய், சொல்லு" என்று கேட்க வேண்டும். அப்போதும் "ஒண்டுமில்ல மச்சி, நம்மட புள்ள ஒண்டு..." என்று இழுத்துத்தான் தொடங்குவார். "நம்மட புள்ள" என்று வந்துவிட்டால் காரியம் பாதி முடிந்தது.

யாருக்காகக் கேட்கப் போகிறாரோ அவரை உள்ளே கூட்டிக்கொண்டு போகவே மாட்டார். "ஆள முன்னால வெச்சுக்கிட்டுக் கேக்க ஏலா. வாய் கூசும்" என்பார். பொத்துவிலுக்கும் அப்பால் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்கு முதல் நியமனம் கிடைத்திருந்தது. இடையில் காட்டு வழி, சண்டைக் காலம். கைக்குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வாரம் முழுக்க அங்கே கிடந்தேன். எனக்கு ஊருக்கு மாற்றம் எடுத்துத் தந்தவர் சாச்சிதான். நான் கடப்படியில் நின்றேன், அவர் உள்ளே போனார். எவ்வளவோ நேரம் கழித்து வாயைத் துடைத்துக்கொண்டு வந்து, "வாங்க மகள் போவம்" என்றார்.

"என்னைப் பத்தி என்ன சாச்சி சொன்ன நீங்க?"

"அது எங்களுக்குள்ள." சிரித்தார். எத்தனை முறை கேட்டும் அந்தச் சிரிப்புதான் பதில். மற்றவர்களுக்காக அங்கே பேசியதையெல்லாம் என்னிடம் ஒப்புவிப்பார், என்னைப் பற்றிப் பேசியதை மட்டும் சொல்லமாட்டார்.

என் கணவருக்கு இதெல்லாம் பிடிக்காது. "உரிமையா வரவேண்டியதுக்கு ஏன் போய்க் குழையணும்?" என்று ஒருநாள் சாச்சியிடமே கேட்டுவிட்டார். "உரிமை முன் கேற்றால வந்துக்கிட்டிரிக்கி மகன். மெதுவா வருகிது. அது வந்து சேருமட்டும் புள்ள பால் குடிக்காம இரிக்குமா?" என்றார் சாச்சி. கணவர் சொன்னதிலும் நியாயம் உண்டு என்று இப்போது தோன்றுகிறது. தயிர் முட்டி வாங்க ஒரு சாச்சி இல்லாதவர்கள் ஊரில் எத்தனையோ பேர் இருந்தார்கள். ஆனால் அன்றைக்கு எனக்குக் கைக்குழந்தைதான் நியாயம்.

பிறகு கடல் வந்தது.

சாச்சி தன் மகளுக்குச் சீதனமாகக் கட்டிக் கொடுத்த வீடு கல்முனைக்குடியில் கடற்கரைப் பக்கம் இருந்தது. ஒரு கல் மிச்சமில்லை. மகளும் மிச்சமில்லை. மருமகன் சந்தைக் கடையில் நின்றதால் தப்பினார். பேத்தி முதல் நாள் அடம்பிடித்து சாச்சியோடு வந்து தங்கியதால் தப்பினாள். அந்த நாட்களைப் பற்றி எனக்கு எழுதத் தெரியாது. ஒன்று மட்டும் சொல்கிறேன். அதற்குப் பிறகு சாச்சி யாரையும் "மகள்" என்று கூப்பிடவில்லை. ஊரில் உள்ள பெண் பிள்ளைகள் எல்லாரும் "புள்ள" ஆகிவிட்டார்கள். நானும் "புள்ள" ஆனேன். வேலிக்கு அப்பாலிருந்து "புள்ள" என்று குரல் வரும்போது நான் "ஓம்" என்பேன், ஆனால் ஒவ்வொரு தடவையும் எதையோ யாரோ பிடுங்கிக்கொண்டு போனதுபோல் இருக்கும். வாய்விட்டுச் சொல்லவும் முடியாது. பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் போய், என்னை ஏன் மகள் என்று கூப்பிடுகிறீர்களில்லை என்று எப்படிக் கேட்பது?

கடலில் வீடிழந்தவர்களுக்கு, மண் போட்டு நிரப்பிய வயல் காணியில் வெளிநாட்டு உதவியில் வீடுகள் கட்டினார்கள். சாச்சியின் மகளுடைய வீட்டுக்கும் பதில் வீடு வந்தது. அங்கேதான் சிக்கல். வீட்டை மருமகனுடைய பெயரில் எழுதிவிட்டார்கள். குடும்பத் தலைவர் யார் என்று அதிகாரிகள் கேட்டார்கள், ஆம்பிளைகள் கையை உயர்த்தினார்கள், முடிந்தது. எங்கள் ஊரில் வீடு பெண்களுடையது என்று அவர்களுக்கு யார் சொல்வது? எங்கள் ஆம்பிளைகள் சொல்லியிருக்கலாம். அவர்களுக்கும் அந்த நேரத்தில் அது ஞாபகம் வரவில்லை போலும்.

மருமகன் கெட்டவரல்ல. வருஷம் ஒன்று கழிந்தபின் சாச்சியிடம் வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றார். மருதமுனையில் ஒரு பெண் பேசுகிறார்கள் என்றார். "முடிங்க மகன். எத்தின நாளைக்குக் கடைச் சோறு தின்னுவீங்க" என்று சாச்சிதான் அனுப்பி வைத்தார். அவர் முறைப்படி புதுப் பெண்ணின் வீட்டுக்குப் போனார். பேத்தி சாச்சியோடு நின்றாள். அந்தப் புதுப் பெண்ணின் வீட்டில் அவளுக்குக் கீழே இன்னும் தங்கைகள், எல்லாருக்கும் வீடு கொடுக்க வாப்பாவால் முடியாது. மாப்பிள்ளைக்கு ஒரு வீடு இருக்கிறது, மூத்தவள் அதற்குப் போய்விடுவாள், இருக்கிற வீடு அடுத்தவளுக்கு என்று அவர்கள் கணக்குப் போட்டதில் பிழை சொல்ல முடியாது. ஆனால் அது நடந்தால் சாச்சியின் பேத்திக்கு வீடு இல்லை.

"பொட்டப் புள்ளைக்கு ஊடில்லாட்டி ஆரு கேட்டு வருவான் புள்ள? உம்மாவும் இல்ல, ஊடும் இல்ல" என்று சாச்சி என்னிடம் சொன்னார். அவர் குடியிருந்த வளவும் வீடும் அவருடைய தங்கைக்குப் பாகமானவை, சாச்சி உயிரோடு இருக்குமட்டும் இருக்கலாம். அந்தப் புது வீடு பேத்தியின் பெயருக்கு மாற வேண்டும். அதைவிட வேறு ஆசை அவருக்கு இருக்கவில்லை.

ஊருக்கெல்லாம் கேட்டவர் இப்போது தனக்காகக் கேட்க வேண்டும். ஆனால் காலம் மாறியிருந்தது. எம்பியின் மாமியார் நோயில் மௌத்தாகியிருந்தார். மனைவி பிள்ளைகளின் படிப்பென்று கொழும்புக்குப் போய்விட்டார். சண்டை உச்சத்தில் இருந்த காலம், பாதுகாப்பென்று பின் வேலியை இடித்து மதில் எழுப்பியிருந்தார்கள். கடப்பு இருந்த இடத்தில் மண்மூட்டை அடுக்கி ஒரு பொலிஸ்காரர் நின்றார். சாச்சியின் "புதா" அல்ல, வேறு ஆள்.

ஆகவே சாச்சி தன் வாழ்நாளில் முதல்தரம் இரும்புக் கேற்றால் போனார். நானும் கூடப் போனேன். ஆம்பிளைகளுக்கு நடுவே பிளாஸ்டிக் கதிரையின் ஓரத்தில், மடியில் தயிர் முட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செக்ரட்டரிப் பொடியன் வந்து என்ன விஷயம் என்று கேட்டதற்கு, "ஒண்டுமில்ல மகன், சும்மா பாத்துட்டுப் போக வந்த" என்றார். அவன் என்னைப் பார்த்தான். நான் தலையிலடித்துக் கொள்ளாத குறை.

எம்பி வந்தார். சாச்சியைக் கண்டதும் முகம் மலர்ந்தது, பொய் சொல்லக்கூடாது. "மாமி! சுகமா? எவ்வளவு காலம் கண்டு! என்ன வேணும், சொல்லுங்க" என்றார்.

சாச்சி அவரை நிமிர்ந்து பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பக்கத்துக் கதிரையில் இருந்த பெண்ணின் கையைப் பிடித்தார். பக்கத்துத் தமிழ் ஊர்க்காரி, புருஷனுக்கு மீன்பிடிக்கக் கடலுக்குப் போகும் பாஸ் கிடைக்கவில்லை என்று காத்துக்கொண்டிருந்தவள். அவளோடு சாச்சிக்கு அரை மணி நேரப் பழக்கம்தான்.

"இவட மாப்பிள்ளைக்கு ஒரு கடல் பாஸ் எடுத்துக் குடுங்க மகன். அடுப்பெரியிதில்லையாம். இவ நமக்குத் தங்கச்சி."

"செய்வம் மாமி" என்று சொல்லி எம்பி செக்ரட்டரியைப் பார்த்தார். அந்தப் பெண் வாயைப் பிளந்துகொண்டு இருந்தாள். சாச்சி தயிர் முட்டியைக் கதிரையில் வைத்துவிட்டு எழுந்து நடந்தார்.

வீதிக்கு வந்ததும் நான் வெடித்தேன். "என்ன சாச்சி செஞ்ச வேல இது? ஊடு கேக்கப் போய், ஆர்ர பாஸையோ கேட்டுட்டு வாறீங்க!"

அவர் நடந்துகொண்டே சொன்னார். "என்ட புள்ளைய அவர் கேக்கல்லகா. அந்தக் குசினியில ஓடித் திரிஞ்ச புள்ள. நான் அங்க வெங்காயம் உரிச்ச நேரம் அவர்ர புள்ளையத் தூக்கி வெச்சிருந்தவள். கடலோட போயிட்டாளே மாமி எண்டு ஒரு சொல்லுச் சொல்லுவார் எண்டு பாத்துக்கிட்டே இரிந்தன். என்ன வேணும் எண்டு கேட்டார். மௌத்தான புள்ளையத் தயிர் முட்டி மாதிரித் தூக்கிக் காட்டி ஊடு கேக்கச் சொல்றயா?"

வீடு வரும்வரை இரண்டு பேரும் அழுதுகொண்டே நடந்தோம்.

சில நாட்கள் கழித்து வேலியருகில் வந்து நின்றார். "புள்ள, நான் அண்டைக்கு ஊடு மாறிப் போயிட்டன்" என்றார். "அந்த ஊடு ஆர்ர கையில இரிக்கி? எம்பிர கையிலயா? மருமகன்ர கையில. மருமகன் இப்ப இரிக்கிறது ஆர்ர ஊட்டுல?"

பழைய சாச்சி அப்படியே திரும்பி வந்து நின்றார். எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. ஆனால் சொல்லி முடித்ததும் அவர் முகம் வாடிவிட்டது. எந்தக் குசினிக்குப் போக வேண்டும், அங்கே யாரோடு உறவு கொண்டாட வேண்டும் என்பது அப்போதுதான் அவருக்கே உறைத்திருக்க வேண்டும்.

மருதமுனைக்கு முதலில் தனியாகத்தான் போனார். போகவும் வரவும் ஆட்டோ. வந்தால் எதுவும் சொல்லமாட்டார். புதுப் பெண் பிள்ளைத்தாய்ச்சி, வாய்க்கு ஒன்றும் பிடிக்குதில்லையாம் என்பது மட்டும் தெரிந்தது. அடுத்த தடவை தயிர் முட்டி போகவில்லை. பச்சை மாங்காய் சீவி, உப்பும் கொச்சிக்காய்த்தூளும் போட்டுப் பிரட்டிப் போத்தலில் அடைத்துக் கொண்டு போனார். தன் மகள் வயிற்றோடு இருந்தபோது செய்து கொடுத்தது அதுதான். எனக்கும் செய்து தந்திருக்கிறார்.

பிறகொரு நாள் என்னையும் கூட்டிப் போனார். வழி நெடுகத் தறிச் சத்தம். அந்த வீட்டுக்கும் பின்னால் ஒரு கடப்பு இருந்தது, அதால்தான் போனோம். பெண்ணின் உம்மா எங்களுக்குத் தேத்தண்ணி வைத்தார். பெண் சுருண்டு படுத்திருந்தாள். சின்ன வயசு, தின்றதையெல்லாம் சத்தி எடுத்து எடுத்து முகம் வெளிறிப் போயிருந்தது. தலை வாரிப் பல நாளிருக்கும். சாச்சி அவளை எழுப்பி உட்கார வைத்து, பின்னால் குந்தி, சீப்பை எடுத்தார். நெடுநேரம் சிக்கெடுத்தார். ஓர் இடத்தில் சீப்பு மாட்டிக்கொண்டது.

"தலையக் கொஞ்சம் குனிங்க மகள்" என்றார்.

கேட்டது எனக்குத்தான் உறைத்தது. அந்தப் பெண்ணுக்கு அதில் என்ன தெரியும்? அவள் குனிந்தாள். சாச்சியின் கை மட்டும் ஒரு கணம் நின்றது, பிறகு வாரத் தொடங்கியது. அவர் கண்ணிலிருந்து வடிந்தது அவளுடைய தலைமயிரில் விழுந்ததை நான் கண்டேன்.

வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை சாச்சி பேசவில்லை. பின்னி முடிந்ததும் அந்தப் பெண்ணே திரும்பி உட்கார்ந்து சொன்னாள். "மாமி, நான் அந்த ஊட்டுக்குப் போகல்ல. அவருக்கிட்டயும் சொல்லிட்டன். அது புள்ளட உம்மாட ஊடு. அங்க படுத்தா எனக்கு நித்திர வராது. நாங்க இஞ்ச ஊட்டோட ஒட்டி ஒரு பத்தி இறக்கிக்கிட்டு இரிப்பம்." அடுப்படியில் நின்ற அவளுடைய உம்மா தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு நின்றார், பிறகு அதைச் சாச்சியிடம் நீட்டினார். அந்த ஆண்டே மருமகன் வீட்டைத் தன் மகளுக்கு எழுதிக் கொடுத்தார்.

நான் சந்தோஷப்பட்டேன். அதேநேரம் என் நெஞ்சு எரிந்தது. பொறாமைதான், வேறென்ன? நான் எத்தனை வருஷம் வேலிக்கு இப்பால் நின்று காத்திருந்த சொல்லை, நேற்று வந்த ஒருத்தி சுருண்டு படுத்திருந்து வாங்கிக்கொண்டாள். திரும்பி வரும்போது ஆட்டோவில் சாச்சி என் தோளில் சாய்ந்து, "களைப்பா இரிக்கி புள்ள" என்றார். புள்ள.

சண்டை முடிந்தது என்று ரேடியோவில் சொன்ன அன்று கல்முனைச் சந்தியில் சிலர் வெடி கொளுத்தினார்கள், பக்கத்துத் தமிழ் ஊர்கள் சத்தமில்லாமல் கிடந்தன. சாச்சி என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அப்ப அந்த மதில ஒடச்சிக் கடப்பத் திரும்ப வெப்பாங்களா?" யாரும் உடைக்கவில்லை. இன்றைக்கும் மதில்தான். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், தயிர் முட்டியோடு ஓர் ஆள் அந்தச் சுவரில் சரிந்து நுழைவதுபோல் எனக்குத் தோன்றும். அப்படி ஒரு நாள் நுழைந்து வந்து வாயைத் துடைத்துக்கொண்டு "வாங்க போவம்" என்று சொல்லமாட்டாரா என்று இருக்கும்.

அடுத்த மாரிக்கு அவர் இல்லை. பேத்தியின் வீட்டில்தான் மௌத்தானார். மையத்தைக் குளிப்பாட்ட மறைப்புக் கட்டினார்கள். ஊர்ப் பெண்களெல்லாம் வந்திருந்தார்கள், எல்லாருக்கும் அவர் ஒரு முறைக்காரர்தானே. குளிப்பாட்டும் பெண் இலந்தை இலை போட்ட தண்ணீரைக் கலக்கிவிட்டு, "மகள் ஆரும் இரிந்தா முன்னுக்கு வாங்க, முதல் தண்ணிய ஊத்துங்க" என்றாள்.

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். மருதமுனைப் பெண் எழுந்து போனாள். அவளுக்குத்தான் அந்த உரிமை என்று நினைத்தேன். அவள் குவளையை வாங்கி நிறைத்தாள். நிறைத்துவிட்டு என்னிடம் வந்து நீட்டினாள்.

"நீங்க ஊத்துங்க ராத்தா. முதல்முதல் எங்கட குசினிக்கு வந்த அண்டே மாமி சொன்னாங்க, எனக்கு மூத்த மகள் ஒண்டு இரிக்கி, டீச்சர், அடுத்த தரம் கூட்டிக்கிட்டு வாறன் எண்டு. வந்த நேரமெல்லாம் ஒங்கட கதைதான். மூத்த மகள் மூத்த மகள் எண்டுதான் சொல்லுவாங்க. நான் உங்களுக்குப் பொறகுதான்."

என்னைப் பற்றி அந்தக் குசினிகளில் அவர் என்ன சொல்லிக்கொண்டு திரிந்தார் என்று எனக்குச் சொன்னவள் அவள்தான். குவளையை வாங்கினேன். பாதி என் காலில் சிந்தியது. மிச்சத்தை சாச்சியின் வலது பக்கமாக ஊற்றினேன்.